பொய்யானதா, பொய்ப்பிக்கத்தக்கதா? கார்ல் பாப்பரிடம் நான் இழந்த ஓராண்டு

சென்ற வாரம் முடிவு வந்தது. அறிவியல் தத்துவத் தாளில் 68. போன முறை இதே தாளில் 41 வாங்கியதால் முதுகலைப் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. தேர்வு எழுதிவிட்டுத் தருமபுரியிலிருந்து பாலக்கோடு பஸ் ஏறும்போதே, தேறிவிடுவேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சறுக்கியது ஒரே சொல்லில். பொய்யாகிப்போவதுதான் அறிவியல் என்கிற பொருளில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அறிவியலை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதற்குத் தத்துவ அறிஞர் பாப்பர் சொன்னது ‘பொய்ப்பிக்கத்தக்கது’. என்ன நடந்தால் ஒரு கோட்பாடு தோற்கும் என்று முன்பே சொல்ல முடிய வேண்டும். பாடநூலைப் பத்து முறை படித்தும் ஏறாதது, எங்கள் மானாவாரி நிலத்தில் ஏறியது. “ஆடிப் பதினெட்டுக்குள் மழை வந்துவிடும்” என்று அப்பா கடலைக்கு உழுது வைத்தார். வரவில்லை. மழை பொய்த்துவிட்டது என்றது ஊர். வந்திருந்தால் அவர் வாக்கு மெய்யாகியிருக்கும். அப்போதும் அது பொய்ப்பிக்கத்தக்க வாக்குதான். “பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும்” என்பவர் தோற்கவே மாட்டார், எதையும் சொல்லவும் இல்லை. பாப்பரே தம் நூலில் மழையைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

இந்தத் தாளை எழுதப் போகிறவர்கள், கொள்கையை மூடி வைத்துவிட்டு முதலில் பாப்பரின் வாழ்க்கையைப் படியுங்கள். அதிலும் 1919. வியன்னாவில் அவருக்குப் பதினேழு வயது. ஜூன் மாதத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் இளைஞர்கள் இறந்தார்கள், மார்க்சியத்திலிருந்து விலகினார். உளவியலாளர் ஆட்லரிடம் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலேயே ஆட்லர் தம் கோட்பாட்டால் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்றதற்கு, ஆயிரம் அனுபவம் என்று பதில். அதே ஆண்டு மே 29 சூரிய கிரகணத்தின்போது, ஐன்ஸ்டைன் சொன்னபடி நட்சத்திர ஒளி வளைகிறதா என்று வானியலாளர் எடிங்டன் குழு அளந்தது. வளையாதிருந்தால் ஐன்ஸ்டைன் தோற்றிருப்பார். எதற்கும் விளக்கம் வைத்திருக்கும் ஆட்லர் ஒருபுறம், தோற்கத் துணிந்த ஐன்ஸ்டைன் மறுபுறம். இதைப் பிடித்துக்கொண்டால் பத்து மதிப்பெண் விடை தானாக வரும்.

மற்றவை:

- முதல் நூல் 1934-இல் வந்தது. நூலில் அச்சிட்டிருக்கும் ஆண்டு 1935. இரண்டையும் எழுதுங்கள்.
- வியன்னா வட்டம் என்ற தத்துவ அறிஞர் குழுவில் அவர் உறுப்பினர் அல்லர். நானும் என் நண்பர்கள் இருவரும் உறுப்பினர் என்றே எழுதினோம்.
- 1937 நியூசிலாந்து, 1946 லண்டன் பொருளியல் பள்ளி, 1994 மறைவு. ஒரு வரி போதும்.
- அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனோடு ஒப்பிடச் சொன்னால், கூனின் 1962 நூலிலிருந்து தொடங்குங்கள். ஒரு முரண்பாடு தென்பட்டதும் விஞ்ஞானிகள் கோட்பாட்டைக் கைவிடுவதில்லை என்பதுதான் அவர் வாதம்.

கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இரவில் தனியாக விடை எழுதி, அடியில் “எதைக் காட்டினால் இது தவறாகும்?” என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரி வராத விடைகளை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதற்கே இரண்டு நோட்டு தீர்ந்தது.

இன்னொரு அறிவியல் தத்துவ அறிஞரான லக்கடோஸை விட்டுவிடாதீர்கள். இம்முறை ஐந்து மதிப்பெண் கேள்வியில் வந்தார். 1956-இல் அவர் ஹங்கேரியை விட்டு வெளியேறியது மட்டுமே எனக்கு நினைவில் இருந்தது.