பம்மல் வீட்டுப் பாத்தியும் பழைய அஸ்திவாரக் கல்லும்

செப்டம்பர் 14, 2024

இட்லிப்பூப் பாத்தியின் செங்கல் வரம்பை இன்று முழுக்கப் பெயர்த்துவிட்டேன். சிமெண்ட் பூசிக் கட்டி நான்கு வருடம்தான் ஆகிறது, மூன்று இடத்தில் விரிசல். விரிசலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரம்பை ஒட்டி நின்ற ஆறு செடிகளின் இலைகளைத்தான் பார்க்க முடியவில்லை: நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். நாலடி தள்ளி நிற்கும் அதே வகைச் செடி கரும்பச்சையாக இருக்கிறது.

இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இது தெரியாமல் இரண்டு வருடம் உரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15

புது வரம்பு கல்லில்தான். கல் வாங்கவும் வேண்டாம். பழைய வீட்டை இடித்தபோது அஸ்திவாரத்திலிருந்து எடுத்த கருங்கல் கொல்லைப்பக்கம் குவிந்து கிடக்கிறது. 1978-ல் அப்பா பல்லாவரம் குவாரியிலிருந்து லாரியில் இறக்கியது. "ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாத்துத்தான்டா வாங்கினாரு. கணீர்னு கேக்கலன்னா திருப்பி ஏத்துன்னுடுவாரு" என்றாள் அம்மா.

கழுவிப் பார்த்தால் நீலம் கலந்த சாம்பல் நிறம், உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. இதன் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் வைத்த பெயர். அந்தக் கல்லறைக் கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் எல்லாம் இந்தக் கல்தான்.

ஒரு கல்லின் விளிம்பில் அரை வட்டமாக நான்கு உளிக்குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. குழி அடித்து ஆப்பு இறக்கிப் பிளந்த தடம். அதைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கவேண்டும்.

செப்டம்பர் 21

நூல் கட்டி, 24 அடிக்குப் பள்ளம் எடுத்தாயிற்று. அடிபம்புப் பக்கம் வரும் வளைவுக்கு நூல் உதவாது. தண்ணீர்க் குழாயை வெயிலில் போட்டு இளக்கி, தரையில் வளைத்து வைத்து, அதன் ஓரமாகச் சுண்ணாம்புக்குப் பதில் கோலமாவு தூவினேன். சுண்ணாம்பை இனி அந்தப் பக்கமே விடுவதாக இல்லை.

கல் 9 அங்குல உயரம். பள்ளம் 6 அங்குலம். அடியில் 2 அங்குலம் கிரஷர் தூள் போட்டுத் திமிசு கட்டையால் இடித்தால் கல்லின் 4 அங்குலம் மண்ணுக்குள் இருக்கும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புதைந்தால் கால் பட்டாலும் சாயாது.

எதிர்வீட்டு மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு மூட்டை சிமெண்ட் போட்டா நிக்கும் சார்." செடியைக் காட்டிக் காரணம் சொன்னேன். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சரி. ஆனா தண்ணி எங்க போவும்னு பாத்துக்குங்க" என்றார்.

செப்டம்பர் 22

ஒன்பது கல். ஒவ்வொன்றும் 30 கிலோ அளவுக்கு இருக்கும், தூக்காமல் கடப்பாரையால் நெம்பி நெம்பித்தான் நகர்த்தினேன். மேல்முகம் ஒரே மட்டமாக வரவேண்டும். அதற்கு டியூப் மட்டம் போல நல்ல கருவி இல்லை: தண்ணீர் நிறைத்த குழாயின் ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

அக்டோபர் 2

முடிந்தது. மொத்தம் 25 கல். உளிக்குழிக் கல் வாசல் பக்க முனையில். இடுக்குகளில் களிமண்ணைத் திணித்து இடித்தேன், ஒரு குச்சி நுழையாத அளவுக்கு.

அக்டோபர் 15

வடகிழக்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். விடாத மழை. நாளைக்கு ரெட் அலர்ட். சாயங்காலம் குடையோடு போய்ப் பார்த்தேன். வரம்பு அசையவில்லை. ஆனால் வாசல் பக்க முனையில் பாத்திக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. சிமெண்ட் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவன், அந்த வேலையைக் களிமண்ணை வைத்துச் செய்திருக்கிறேன். மேஸ்திரி கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கம்பியால் இரண்டு இடுக்கைக் குத்தித் திறந்தேன். காவியாக ஓடியது.

அக்டோபர் 19

முனையில் இருந்த மூன்று கல்லையும் கிளப்பி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் திரும்ப வைத்தேன். இடைவெளியில் களிமண் இல்லை, முக்கால் அங்குல ஜல்லி. மற்ற இடுக்குகளிலும் மூன்று கல்லுக்கு ஒன்று இப்படி. உள்பக்க மண்ணை ஒரு அடி அகலத்துக்கு வாரி எடுத்துவிட்டு, செம்மண்ணும் இலைமக்கும் கலந்து போட்டேன்.

நவம்பர் 24

பழைய மஞ்சள் இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ஆறில் நான்கு செடிகளின் நுனியில் புதுத் துளிர், நரம்புக்கு நடுவிலும் பச்சை. அம்மா உளிக்குழிக் கல்லில் உட்கார்ந்து சாமிக்குப் பூப் பறித்தாள். கல் ஆடவில்லை.