எந்தப் படி வரை?

"எங்க வீட்டுத் திண்ணைக்கு எவ்வளவு தண்ணி வரும் சார்?" வெள்ள எச்சரிக்கை வேலையில் இருந்த எனக்குக் கொள்ளிடத்துப் படுகை ஊரிலிருந்து வந்த ஃபோனில் ஒருவர் கேட்டது இவ்வளவுதான். "கீழணையில ஒரு லட்சம் கனஅடிக்கு மேல திறந்திருக்குங்க. உடனே மேட்டுக்குப் போயிடுங்க" என்றேன். கீழணை என்பது அவர் ஊருக்கு மேலே கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள அணை. சொன்னதில் தவறு இல்லை. கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

நொடிக்கு ஒரு கனஅடி என்றால் நொடிக்குச் சுமார் 28 லிட்டர். மதகைத் திறப்பவர்களுக்கு அந்தக் கணக்கு போதும். இரு கரைகளுக்கும் நடுவே திட்டில் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது உயரமும் நேரமும். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்வது லேசும் இல்லை. வரத்து இரண்டு மடங்கானால் மட்டமும் இரண்டு மடங்காகிவிடாது. ஆறு அகன்ற இடத்தில் மெதுவாக ஏறும், குறுகிய இடத்தில் மளமளவென்று ஏறும். நாணலும் கருவேலமும் மண்டிக் கிடந்தால் அதே தண்ணீர் இன்னும் உயரமாக நிற்கும். பழையாறு முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் வடியவும் வடியாது. "முழங்கால் அளவு" என்று நான் சொல்லி, இடுப்பளவு வந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கனஅடியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போதும் அது நியாயமான பயம்தான் என்று படுகிறது.

ஆனால் ஒன்று கேட்டிருக்கலாம். "2018-லயும் 2022-லயும் வெள்ளம் வந்தப்ப எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" அந்த ஆண்டுகளில் கீழணையைத் தாண்டிய அளவு பதிவேட்டில் இருக்கிறது. அவர் சொல்லும் படியையும் அந்த அளவையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு பதில் கிடைத்திருக்கும். அவகாசமும் இருந்தது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு வரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், படுகைக்கு அதற்கும் பிறகுதான்.

அடுத்துக் கேட்டார்: "மாட்ட என்ன பண்றது?"

"அவிழ்த்து விட்டுடுங்க."

"கன்னுக்குட்டிய விட்டு நகராதுங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே கன்றை முன்னால் நடத்தி, தாயைப் பின்னால் ஓட்டிக் கரையேற்றச் சொல்லியிருக்க வேண்டும். அவிழ்த்து விடுவது பாதை மூழ்கிய பிறகு செய்கிற காரியம். அதையும் கொட்டகைக்குள் தண்ணீர் வருமுன் செய்ய வேண்டும். கயிறு நனைந்து, மிரண்ட மாடு இழுக்க இழுக்க, முடிச்சு கல்லாக இறுகிவிடும். இருட்டில் நகம்கூட நுழையாது. அரிவாளைக் கூரை எரவாணத்தில் கைக்கெட்ட செருகி வைத்திருந்தால்தான் உண்டு.

மெயின் சுவிட்சைத் தண்ணீர் நுழையுமுன் அணைப்பது, சிலிண்டர் வால்வை மூடுவது, பத்திரங்களைப் பாலித்தீனில் கட்டுவது, சிக்கிக்கொண்டால் 1077-ஐ அழைப்பது, இதெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறோம். ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், இரண்டடியில் காரே மிதக்கும் என்பதையும் சொல்கிறோம். முகாமில் மாட்டுக்கு இடமும் வைக்கோலும் உண்டா என்பதை மட்டும் சொல்வதில்லை. படுகையில் ஆட்கள் கடைசிவரை நிற்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

அவர் மறுநாள் படகில் வந்து சேர்ந்தார். மாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். அன்று "2022-ல வந்ததவிடக் குறைவுதான்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் படகிலும் ஏறாமல் இருந்திருப்பாரோ? இப்போதெல்லாம் ஃபோன் வந்தால் எந்தப் படி என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்கள் படியைச் சொன்ன பிறகு என்ன சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.