அக்கட்ட லினக்ஸ், இக்கட்ட விண்டோஸ், நடுவால எக்ஸ்11

எங்க டிசைன் செக்சனுக்கு புதுசா யாரு வந்து சேந்தாலும் மொத வாரத்துலயே இந்த கேள்வி வந்துரும், "ஏனுங்ணா, சர்வர் ரூம்ல இருக்கற லினக்ஸ் மெசின்ல ஓடற சாஃப்ட்வேர என்ர லேப்டாப்புல எப்புடிங்ணா தொறக்கறது?" கோயமுத்தூரு கணபதி பக்கம் பம்பு கம்பெனிங்க எங்களுது. பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் சக்கரத்தோட சிமுலேசன் எல்லாம் ஓப்பன்ஃபோம்ங்கற சாஃப்ட்வேர்ல, அது ஓடறது லினக்ஸ்ல. கேட், டாலி, மெயிலு எல்லாம் விண்டோஸ். ஆளுக்கு ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்க எந்த மொதலாளி ஒத்துக்குவாரு, அதனால விண்டோஸ் லேப்டாப்புல உக்காந்துக்கிட்டே லினக்ஸ்ல வேல செய்யோணும். வெறும் கமாண்டு அடிக்கறதுன்னா, எஸ்எஸ்ஹெச்சுங்கற பாதுகாப்பான கனெக்சன்ல அக்கட்ட போக புட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் போதும். சிமுலேசனுக்கு உருவத்த சின்னச் சின்னதா பிரிச்சு மெஷ்ஷு போடற ஜிமெஷ், கிராஃப் போடற க்னுபிளாட்டுன்னு விண்டோ தொறக்கற சமாச்சாரம் வந்தாத்தான் எல்லாரும் முழிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க எழுதி வெச்சுர்றன், இனி கேக்கறவங்களுக்கு லிங்க தாட்டி உட்டுட்டா ஆச்சு.

எது நல்ல சாஃப்ட்வேருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி ஓரியாட்டம் போடுவாங்க. என்ர கணக்கு வேறங்க. மெசினு எவ்வளவு தூரத்துல இருக்குது, விண்டோவுக்குள்ள என்ன வரையப்போகுது, இந்த ரெண்ட பாத்துட்டுத்தான் எத போடறதுன்னு முடிவு பண்ணோணும். ஒரே பில்டிங்குக்குள்ளன்னா ஒரு வழி, ஊட்டுல இருந்துன்னா வேற வழி, த்ரீடின்னா அது மூணாவது வழி.

மொதல்ல இது எப்புடி ஓடுதுன்னு பாத்துருவோம், அது புரியாமத்தான் பாதி பேரு தப்பான மெசின்ல என்னத்தையோ இன்ஸ்டால் பண்ணிட்டு உக்காந்திருக்கறாங்க. யூனிக்ஸ்ல விண்டோ வரையறது எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1984ல எம்ஐடியில பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் ஆரம்பிச்சது, இன்னைக்கு நாம போடற எக்ஸ்11 வந்தது 1987ல. ப்ரோக்ராம் ஒரு மெசின்ல ஓடி, அதோட விண்டோ வேற மெசின்ல தெரியோணும்ங்கற ரோசனையோடயே கட்டுனது, பின்னால ஒட்டவெச்சது இல்ல. சோமனூரு, பல்லடம் பக்கம் கூலிக்கு தறி ஓட்டறத பாத்தவங்களுக்கு இது சுளுவா புரியும். பாவும், ஊடை நூலும், என்ன ரகம்ங்கறதும் ஜவுளிக்காரருகிட்ட இருந்து வரும், நெய்யறது நம்மூட்டு தறி. இங்கயும் அதேதான், இங்க கோடு போடு, அங்க எழுத்து போடு, இந்த கலர அடின்னு உத்தரவு லினக்ஸ் மெசின்ல இருந்து வருது, அத வரையற தறி நம்ம லேப்டாப்புல இருக்குது. அந்த தறிதான் எக்ஸ் சர்வர். ஆக சர்வரு நம்ம விண்டோஸ்ல ஓடோணும், சர்வர் ரூம்ல இருக்கற பெரிய மெசினு இந்த விசயத்துல வெறும் கிளையண்டு. இது மண்டையில ஏறிருச்சுன்னா மிச்சம் எல்லாம் தன்னால ஏறிரும்.

விண்டோஸ்ல எக்ஸ் சர்வர் சும்மா வராது, போடோணும். அந்தக் காலத்துல எக்ஸீடுன்னு காசு குடுத்து வாங்குவாங்க. இப்ப விசிஎக்ஸ்சர்வ் இலவசமாவே கெடைக்குது, நான் பல பேருக்கு போட்டுக் குடுத்தது அதுதான். எக்ஸ்மிங்கும் இருக்குது, ஆனா அதுல சும்மா கெடைக்கற வெர்ஷன் 2007ல நின்னுபோனது, புதுசா போடறவங்க அது பக்கம் போகாதீங்க. மோபாஎக்ஸ்டெர்ம்ல எஸ்எஸ்ஹெச்சும் எக்ஸ் சர்வரும் ஒண்ணாவே வருது, எதையும் நோண்ட இஷ்டம் இல்லாதவங்களுக்கு அது நல்லது, இலவச எடிசன்ல 12 செசன் வரைக்குந்தான் சேவ் பண்ண உடும், அவ்வளவுதான்.

விசிஎக்ஸ்சர்வ் போட்டீங்கன்னா எக்ஸ்லாஞ்சுன்னு ஒண்ணு வரும், அத தொறந்தா மொத பக்கத்துல மல்டிப்பிள் விண்டோஸ், டிஸ்பிளே நம்பர் 0, அடுத்தது ஸ்டார்ட் நோ கிளையண்ட், அதுக்கடுத்த பக்கத்துல கீழ "டிசேபிள் ஆக்சஸ் கண்ட்ரோல்"னு ஒரு டப்பா இருக்கும் பாருங்க, அதுல டிக் பண்ணவே பண்ணாதீங்க. யூட்யூப்ல பாதி வீடியோவுல அத டிக் பண்ணச் சொல்றாங்க, வேல நடக்கும்தான், ஆனா ஃபயர்வாலையும் தொறந்து உட்டுட்டீங்கன்னா அதே நெட்வொர்க்குல இருக்கற எவன் வேணாலும் உங்க எக்ஸ் சர்வருக்குள்ள வரலாம், அந்த விண்டோவுக்குள்ள நீங்க அடிக்கற பாஸ்வேர்டு வரைக்கும் ஒட்டுக் கேக்கலாம். மொத தடவ ஓட்டறப்ப விண்டோஸ் ஃபயர்வால் அலோ பண்ணட்டுமான்னு கேக்கும், கேன்சல் குடுத்துருங்க. நாம வரப்போறது எஸ்எஸ்ஹெச் டனல் வழியா, அதாவது அந்த கனெக்சனுக்குள்ளயே, எக்ஸ் சர்வருக்கு அது உங்க லேப்டாப்புக்குள்ள இருந்தே வர்ற மாதிரித்தான் தெரியும், வெளிய கதவு தொறக்க வேண்டியதே இல்ல.

அப்பறம் புட்டியில கனெக்சனுக்குள்ள எஸ்எஸ்ஹெச், அதுக்குள்ள எக்ஸ்11, எனேபிள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்ல ஒரு டிக், டிஸ்பிளே லொக்கேசன்ல லோக்கல்ஹோஸ்ட்:0. லாகின் ஆனதும் எக்கோ போட்டு டிஸ்பிளே வேரியபிள பாருங்க, விண்டோவ எங்க வரையோணும்னு ப்ரோக்ராமுக்கு சொல்றது அதுதான், லோக்கல்ஹோஸ்ட்:10.0 ன்னு வந்தா பாதி கெணறு தாண்டியாச்சு. 10ங்கறது எஸ்எஸ்ஹெச்சே போடறது, மெசின்ல ஏற்கனவே இருக்கற டிஸ்பிளே கூட முட்டிக்கக்கூடாதுன்னு தள்ளி ஆரம்பிக்குது. இந்த வேரியபிள கையால மாத்தாதீங்க. ஃபோரத்துல எவரோ சொன்னாங்கன்னு லேப்டாப் ஐபிய அதுல போட்டுட்டு, விண்டோ வரலீங்ணான்னு நம்ம தம்பி ஒருத்தரு வந்து நின்னாரு. ஐபிய போட்டா டனல உட்டுட்டு நேரா 6000ம் போர்ட்ட தட்டும், அங்கதான் ஃபயர்வால் நிக்குதே.

வேரியபிள் காலியா இருந்துச்சுன்னா கோளாறு அக்கட்ட இருக்குது. லினக்ஸ் மெசின்ல எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்குங்கற செட்டிங் ஃபைல்ல எக்ஸ்11 ஃபார்வர்டிங் எஸ்ஸுன்னு இருக்கோணும், எக்ஸ்ஆத்துங்கற சின்ன ப்ரோக்ராமும் இருக்கோணும். மினிமல் இன்ஸ்டால் பண்ண சர்வர்ல இந்த எக்ஸ்ஆத்து இருக்காதுங்க, அதுக்குத்தான் பல பேரு சுத்திச் சுத்தி வர்றாங்க. டெஸ்ட்டுக்கு எக்ஸ்ஐஸ்னு அடிங்க, ரெண்டு கண்ணு வந்து மவுசு போற பக்கம் எல்லாம் பாக்கும். சின்னப் புள்ள வெளையாட்டாட்டம் இருக்கும், ஆனா படம் வருது, மவுசு போகுதுன்னு ரெண்டையும் ஒரே நேரத்துல சொல்லிரும், இதவிட நல்ல டெஸ்ட்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எஸ்எஸ்ஹெச் கமாண்டுலயே போறவங்களுக்கு மைனஸ் எக்ஸா மைனஸ் ஒய்யான்னு ஒரு கொழப்பம். மைனஸ் எக்ஸ் போட்டா அந்த ப்ரோக்ராம முழுசா நம்பாது, சில விசயத்தத் தடுக்கும், போதாக்கொறைக்கு 20 நிமிசம் ஆச்சுன்னா அதுக்கப்பறம் புதுசா விண்டோ தொறக்க உடாது. காலையில நல்லா இருந்துச்சு, டீ குடிச்சுட்டு வந்தா தொறக்க மாட்டேங்குதுன்னு பொலம்பறது இதுக்குத்தான். மைனஸ் ஒய் முழுசா நம்பிரும். உபுண்டு, டெபியன்ல இருந்து போறவங்களுக்கு மைனஸ் எக்ஸ் போட்டாலும் ஒய் மாதிரியே நடக்கும், அங்க டீஃபால்ட்ட அப்புடி மாத்தி வெச்சிருக்கறாங்க, அதனாலதான் ஒருத்தருக்கு நடக்கறது இன்னொருத்தருக்கு நடக்கறதில்ல. நம்ம ஆபீஸ் மெசின்னா ஒய் போடுங்க. ஊரு பேரு தெரியாத மெசின்னா எக்ஸ்11 ஃபார்வர்டிங்கே வேண்டாம்.

விண்டோஸ் 11 வெச்சிருக்கறவங்களுக்கு இவ்வளவு சோலியும் இல்ல. விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ ஓட்டற டபிள்யுஎஸ்எல்ல உபுண்டு போட்டீங்கன்னா டபிள்யுஎஸ்எல்ஜின்னு கூடவே வருது, எக்ஸ் சர்வரு அதுக்குள்ளயே இருக்குது, உபுண்டுக்குள்ள இருந்து எஸ்எஸ்ஹெச் மைனஸ் ஒய் போட்டா லினக்ஸ் விண்டோ நேரா விண்டோஸ் டாஸ்க்பார்ல வந்து உக்காந்துக்கும். இப்ப நான் போடறது இதுதான்.

இது வரைக்கும் லேனுக்குள்ள, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள. இனித்தான் எல்லாரும் அடி வாங்கற எடம். அன்னூருக்கு அக்கட்ட என்ர ஊடு, அங்க இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர விபிஎன் போட்டு இதே மாதிரி ஜிமெஷ்ஷ தொறந்தா மெனுவ கிளிக் பண்ணிட்டு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்து பாக்கலாம். ஒடனே நெட்டுக்காரன திட்டுவாங்க, ப்ளான மாத்துவாங்க, 100 எம்பிய 300 ஆக்குவாங்க, ஒண்ணும் மாறாது. டேட்டா ஜாஸ்தியாப் போறது மட்டும் இல்லீங்க பிரச்சன. இந்த ப்ரோக்ராமுங்க எக்ஸ் சர்வர்கிட்ட ஒண்ணு கேக்கும், பதிலு வர்ற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு நிக்கும், அப்பறம் அடுத்தத கேக்கும். லேனுக்குள்ள போயிட்டு வர ஒரு மில்லி செகண்டு கூட ஆகாது, அதனால தெரியாது. ஊட்டுல இருந்து 40 மில்லி செகண்டுன்னு வெச்சுக்குங்க, ஒரு மெனுவுக்கு 100 கேள்வி கேட்டா 4 செகண்டு போச்சு. எஸ்எஸ்ஹெச்ல மைனஸ் சி போட்டு கம்ப்ரெஸ் பண்ணாலும் சைசுதான் கொறையும், கேள்வி கொறையாது.

அதுக்கு எக்ஸ்ப்ரான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது, அத போடுங்க. லினக்ஸ் மெசின்லயே கண்ணுக்குத் தெரியாம ஒரு டிஸ்பிளே ஓடும், கேள்வி பதிலு எல்லாம் அங்கனயே முடிஞ்சுரும், நமக்கு படம் மட்டும் கம்ப்ரெஸ் ஆகி வரும், அதுவும் முழு டெஸ்க்டாப்பு இல்லாம தனித்தனி விண்டோவாவே வரும். இன்னொண்ணு இருக்குது, எனக்கு இதுதான் முக்கியம். சாதா எக்ஸ்11ல பொழுதோட கரண்ட்டு போயி ரவுட்டர் ஆஃப் ஆச்சுன்னா தொறந்து வெச்ச ப்ரோக்ராம் அங்கயே செத்துரும், பாதி மெஷ்ஷிங்குல இருந்தாலும் சரி. எக்ஸ்ப்ராவுல அது அங்க பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், மக்யா நாளு ஆபீஸ்ல இருந்து அட்டாச் பண்ணாலும் உட்ட எடத்துல இருந்து எடுத்துக்கலாம். எக்ஸ்டுகோவும் இதே மாதிரிதான், விண்டோஸ் ஆளுங்களுக்கு அதோட ஸ்க்ரீனு கொஞ்சம் பழகுன மாதிரி இருக்கும். விஎன்சியும் எக்ஸ்ஆர்டிபியும் முழு டெஸ்க்டாப்ப கொண்டாந்து காட்டும், ஒரே ஒரு விண்டோ வேணும்ங்கறவனுக்கு அது எதுக்குங்க.

த்ரீடிக்கு இது எதுவுமே வேண்டாம். சிமுலேசன் முடிவ த்ரீடியில காட்டற பாராவியூவ எக்ஸ்11 வழியா தொறக்கறேன்னு மல்லுக்கட்டாதீங்க. அதுக்கு த்ரீடி வரையற ஓப்பன்ஜிஎல் 3.2 வேணும், எக்ஸ்11ல நெட்டு தாண்டி வர்ற ஓப்பன்ஜிஎல் ரொம்பப் பழசு, ஒண்ணு தொறக்காது, இல்ல லினக்ஸ் மெசினு சிபியுவுலயே வரஞ்சு படம் படமா தள்ளும், இம்பெல்லர திருப்பறதுக்குள்ள ஷிஃப்ட்டு முடிஞ்சுரும். பாராவியூவுக்கே தனி வழி இருக்குது. லினக்ஸ்ல அதோட சர்வர் பாகமான பிவிசர்வர் ஓட்டுங்க, லேப்டாப்புல விண்டோஸ் பாராவியூ போடுங்க, 11111ம் போர்ட்ட எஸ்எஸ்ஹெச்ல டனல் பண்ணி கனெக்ட் குடுங்க. டேட்டா அங்கயே இருக்கும், மெனு பூரா இக்கட்டயே ஓடும். ரெண்டு பக்கமும் ஒரே வெர்ஷன் இருக்கோணும், இல்லைன்னா கனெக்ட் ஆகாது.

தமிழ்ல பேரு வெச்ச ஃபைலெல்லாம் கட்டம் கட்டமா தெரியுதுன்னு நெறைய பேரு கேக்கறாங்க. ஜிடிகே, க்யூடிங்கற டூல்கிட்டுல கட்டுன இப்பத்திய ப்ரோக்ராமுங்க எழுத்த அக்கட்டயே வரஞ்சு அனுப்புது, அதனால தமிழ் ஃபாண்ட்டு லினக்ஸ் மெசின்லதான் இருக்கோணும், விண்டோஸ்ல எத்தன ஃபாண்ட்டு இருந்தும் புண்ணியம் இல்ல. லோஹித்தோ நோட்டோவோ போட்டு உடுங்க. அரதப் பழசு ப்ரோக்ராமுங்க மட்டும் நேர்மாறு, ஃபாண்ட்ட எக்ஸ் சர்வர்கிட்ட கேக்கும், அதுக்கு விண்டோஸ் பக்கம் பாக்கோணும். எழுத்து மங்கலா தெரிஞ்சா அது ஃபாண்ட்டு கோளாறு இல்ல, விசிஎக்ஸ்சர்வ் எக்ஸியில ரைட் கிளிக் பண்ணி கம்பேட்டிபிலிட்டிக்குள்ள ஹை டிபிஐய அப்ளிகேசனுக்கு உட்டுருங்க, தெளிவாயிரும், ஆனா எழுத்து பொடிசாகும்.

அப்பறம் நம்மாளுங்க அடிக்கடி பண்றது, லாகின் ஆகி எக்ஸ்ஐஸ் எல்லாம் நல்லா வந்துரும், ஒடனே சுடோ சு மைனஸ் போட்டு ரூட்டாகி, அதாவது அட்மினாகி, எதையோ தொறப்பாங்க, "கான்ட் ஓப்பன் டிஸ்பிளே"ன்னு வந்துரும். எக்ஸ் சர்வருக்குள்ள வர்றதுக்கு ஒரு குக்கி, அதாவது ரகசிய சாவி மாதிரி ஒண்ணு வேணும், அது உங்க ஹோம் டைரக்டரியில எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல்ல இருக்குது, ரூட்டுக்கு அது தெரியாது. உங்க பேருல இருக்கறப்பவே எக்ஸ்ஆத்து லிஸ்ட்டு போட்டு டிஸ்பிளே நம்பர் 10க்கு நேரா இருக்கற வரிய காப்பி பண்ணுங்க, ரூட்டாகி எக்ஸ்ஆத்து ஆட்டுன்னு போட்டு அந்த வரிய ஒட்டுங்க, டிஸ்பிளே வேரியபிளையும் அதே லோக்கல்ஹோஸ்ட்:10.0 ன்னு போடுங்க, தொறந்துக்கும். ஆனா மெஷ்ஷு போடறதுக்கு ரூட்டு எதுக்கு கண்ணுன்னு கேட்டா அதுக்கு மட்டும் எவரும் பதிலு சொல்றதில்ல.