தொடர் லைனில் பிஐஆர் பேனல்: ஊற்றும் முன்பு முதல் அடுக்கும் வரை

இரண்டு ஷீட்டுக்கு நடுவில் பிஐஆர் (பாலிஐசோசயனுரேட்) ஃபோம் நிரப்பிய பேனலில் குறை கண்ணுக்குத் தெரிவது, லைன் முடிவில் வெட்டும் ரம்பம் தாண்டிய பிறகுதான். கொப்புளம், உரிந்துவரும் ஷீட், வாழைப்பழம் மாதிரி வளைவு எல்லாம் அங்கேதான் வெளிப்படும். உடனே எல்லோரும் டபுள் பெல்ட்டின் (ஃபோம் இறுகும்வரை பேனலை மேலும் கீழும் பிடித்து நகர்த்தும் இரட்டைப் பட்டை) அழுத்தத்தையும் வெப்பத்தையும் திருகத் தொடங்கிவிடுவார்கள். லைன் ஓட்டிப் பழகியவர்கள் பின்னோக்கி நடப்பார்கள்: மிக்ஸிங் ஹெட், ப்ரீஹீட்டர், கெமிக்கல் டேங்க். எங்கள் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் ஃபோம் டபுள் பெல்ட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பேச வசதியாக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1000 மி.மீ. அகலம், 50 மி.மீ. தடிமன், இரண்டு பக்கமும் 0.5 மி.மீ. பெயின்ட் அடித்த ஸ்டீல் ஷீட், நடுவில் பிஐஆர் ஃபோம். டபுள் பெல்ட் நீளம் 24 மீட்டர், லைன் வேகம் நிமிடத்துக்கு 8 மீட்டர். அதாவது ஃபோம் பெல்ட்டுக்குள் இருப்பது 3 நிமிடம். கீழே சொல்லும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

வேலை முந்தைய நாளே ஆரம்பிக்கிறது. கலந்தால் ஃபோம் ஆகும் இரண்டு திரவங்களான பாலியாலும் ஐசோவும் (ஐசோசயனேட்) டே டேங்கில் 20 முதல் 25 டிகிரிக்குள் நிலையாக நிற்க வேண்டும். நிலையாக என்பதுதான் முக்கியம். 22 என்று வைத்தால் நாள் முழுக்க 22. காலையில் 19, மதியம் 25 என்று ஆடினால் பிசுபிசுப்பு மாறும், ஹெட்டில் இரண்டும் மோதிக் கலக்கும் விதம் மாறும், வினை வேகமும் மாறும். ஆபரேட்டர் எதையும் தொடாமலே பேனல் மாறிக்கொண்டிருக்கும். ஐசோவுக்கு இன்னொரு எதிரி ஈரப்பதம். டேங்கின் மேல்வெளியில் உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ இல்லையென்றால், ஈரத்தோடு வினைபுரிந்து உருவாகும் யூரியா துகள்கள் முதலில் ஃபில்டரை அடைக்கும், பிறகு நாசிலை. ஐசோ பக்க அழுத்தம் காரணமில்லாமல் மெல்ல ஏறுகிறது என்றால் பம்பைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

லைனை ஓட்டுமுன் கப் டெஸ்ட். லைனில் போகப்போகும் அதே வெப்பநிலையில், அதே விகிதத்தில் எடை போட்டுக் கலக்கி, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பது. கலவை நிறம் வெளுத்து எழத் தொடங்கும் நேரம் கிரீம் டைம். குச்சியால் தொட்டு இழுத்தால் நூல் வரும் நேரம் ஜெல் டைம். எழுந்து முடிந்த ஃபோமை வெட்டி எடை போட்டால் கட்டற்ற அடர்த்தி. நம் உதாரணத்துக்கு கிரீம் 5 நொடி, ஜெல் 35 நொடி, கட்டற்ற அடர்த்தி கன மீட்டருக்கு 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்குள் அதை 40 கிலோ வரை நெருக்கி நிரப்புகிறோம். இந்தக் கூடுதல் நெருக்கம்தான் மூலைகளை நிறைக்கிறது, குளிர்ந்த பின் சுருங்காமலும் காக்கிறது. கப் டெஸ்ட் முடிவைப் பேட்ச் எண்ணோடு எழுதி வைக்காத இடத்தில், பிறகு எந்தக் குறைக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது எளிய கணக்கு. 1 மீட்டர் அகலம், 0.05 மீட்டர் தடிமன், 40 கிலோ அடர்த்தி: ஒரு மீட்டர் பேனலுக்கு 2 கிலோ. 8 மீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 16 கிலோ. கலவை 100 பங்கு பாலியாலுக்கு 160 பங்கு ஐசோ, ஃபோமை ஊத வைக்கும் பென்டேன் 10 பங்கு என்றால் முறையே சுமார் 5.9, 9.5, 0.6 கிலோ. ஐசோ இவ்வளவு அதிகமாகப் போவது பிஐஆர் என்பதால்தான். சாதாரண பியூஆரில் (பாலியூரித்தேன்) இன்டெக்ஸ், அதாவது வினைக்குத் தேவையான ஐசோவை 100 என்று வைத்தால் உண்மையில் போடும் அளவு, 110, 120 என்ற அளவில் நிற்கும். பிஐஆரில் 200ஐத் தாண்டும். மீதமுள்ள ஐசோ தனக்குள்ளேயே வளையமாக இணைகிறது. தீயைத் தாங்கும் குணம் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இணைப்புக்கு வெப்பம் வேண்டும். பிஐஆரில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஷீட் பக்கம் வருவோம். சுருளை (காயில்) விரிக்கும் டீகாயிலரில் இருந்து வரும் ஷீட் ரோல் ஃபார்மிங்கில் வடிவம் பெற்று, கொரோனா ட்ரீட்மென்ட் (நன்றாக ஒட்டுவதற்காக மேற்பரப்பில் மின்பொறி பாய்ச்சுவது) தாண்டி, ப்ரீஹீட்டரில் சூடேறி ஊற்றும் இடத்துக்கு வருகிறது. ஃபோம் ஒட்டுவது ஸ்டீலில் அல்ல, ஷீட்டின் பின்பக்கத்து மெல்லிய பேக் கோட் பெயின்ட்டில். அந்தப் பெயின்ட்டின் மேல் எண்ணெய்ப் படலமோ சிலிக்கானோ இருந்தால் கெமிக்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டாது. காயில் மாற்றும்போதெல்லாம் டைன் பேனாவால் (மேற்பரப்பில் திரவம் பரவுமா என்று காட்டும் சோதனைப் பேனா) ஒரு கோடு போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கோடு முத்து முத்தாகச் சுருண்டால் அந்தக் காயிலை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். ரோல் ஃபார்மிங்கில் உருளைகளுக்குப் போடும் எண்ணெய் உள்பக்கம் வழிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கீழ் ஷீட்டின் வெப்பம் ஊற்றும் இடத்தில் 45 முதல் 55 டிகிரி. ப்ரீஹீட்டரின் திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது ஹீட்டருக்குள் இருக்கும் காற்றின் வெப்பம். ஷீட்டைத் தொடு வெப்பமானியால் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பளபளப்பான ஷீட்டில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி தப்பாகக் காட்டும். ஷீட் குளிர்ந்திருந்தால் அதைத் தொடும் ஃபோம் படலத்தில் வளைய இணைப்பு பாதியில் நின்றுவிடும். அங்கே பொடியாக உதிரும் ஒரு படலம் உருவாகும். வெளியே வரும்போது பேனல் அழகாகத்தான் இருக்கும். சில நாள் கழித்து ஷீட் தனியே வரும்.

இதற்காகத்தான் பல பிஐஆர் லைன்களில் கீழ் ஷீட்டில் பிரைமர் போடுகிறார்கள். இரண்டு பாகப் பாலியூரித்தேன், சுழலும் தட்டில் இருந்து சதுர மீட்டருக்கு 100 கிராம் சுற்றளவில் தெளிக்கப்படும். ஃபோம் மேலே விழும்போது அது இன்னும் பிசுக்காக இருக்க வேண்டும். காய்ந்துபோன பிரைமர் மேல் ஊற்றினால் பணம்தான் வீண். லைன் வேகத்தைக் குறைக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்: தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே தூரம் அதேதான், நேரம் கூடிவிடுகிறது.

இனி ஊற்றுதல். 8 மீட்டர் வேகம் என்றால் ஷீட் நொடிக்கு 13 செ.மீ.க்குச் சற்று மேல் நகர்கிறது. 5 நொடி கிரீம் டைம் என்பது ஹெட்டில் இருந்து 67 செ.மீ. தள்ளி. 35 நொடி ஜெல் டைம் என்பது 4.7 மீட்டர் தள்ளி. எழும் ஃபோம் மேல் ஷீட்டைத் தொடும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில், ஜெல்லுக்கு நன்றாக முன்னால், டபுள் பெல்ட்டுக்குள் கொஞ்ச தூரம் போன பிறகு இருக்க வேண்டும். நம் லைனில் 15 முதல் 20 நொடிக்குள் தொட்டால், 2 முதல் 2.7 மீட்டர். இந்தத் தொடுகோடுதான் ஆபரேட்டர் நாள் முழுக்கக் கண் வைக்க வேண்டிய இடம்.

தொடுகோடு ஹெட் பக்கமாக நகர்ந்துவிட்டால் ஃபோம் நுழைவாயிலிலேயே பெருத்துப் பின்னோக்கி உருளும், காற்றை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பேனலின் மேல் ஷீட்டுக்கு அடியில் நீளமான வெற்றிடங்கள் வரும். உள்ளே தள்ளிப் போய்விட்டால் ஃபோம் ஏற்கெனவே கெட்டியாகி மேல் ஷீட்டைத் தொடும். ஒட்டு பலவீனம், மூலைகள் காலி. இதைச் சரிசெய்ய பெரும்பாலும் வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்ட்டின் அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேட்டலிஸ்ட்டையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

தொடுகோடு குறுக்கே நேராக இருக்க வேண்டும். நடுவில் முன்னால் போய் ஓரங்களில் பின்தங்கினால் ஓரத்துக்குப் பொருள் போதவில்லை. ஊசலாடும் ஹெட்டில் இதற்குக் காரணம், திரும்பும் முனையில் நிற்கும் நேரம். நிலையான குழாயில், அதாவது வரிசையாகத் துளை போட்ட பாரில், கடைசித் துளைகள் அடைபடுவதுதான் காரணம். பாரின் முனைக்குப் போகும் கலவை உள்ளே அதிக நேரம் இருக்கிறது, அங்கேதான் முதலில் கெட்டியாகும். துளையில் இருந்து விழும் தாரைகளில் ஒன்று மெலிந்து கோணலாக விழுகிறது என்றால் அந்த பாரின் ஆயுள் முடிந்தது. அது விழும் தடத்தில் பேனல் முழுக்க நீளவாக்கில் ஒரு மென்மையான கோடு ஓடும், விரலால் அமுக்கினாலே தெரியும். வேகம் கூடக் கூட ஊசலாடும் ஹெட் ஷீட்டில் அகலமான வளைவுகளாகப் போடும். வேகமான லைன்கள் பாருக்கு மாறியதற்குக் காரணம் இதுதான்.

பென்டேனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காற்றில் ஒன்றரை சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும், அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். ஆகவே டிடெக்டரும் உறிஞ்சு குழாயும் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். கூரையில் மாட்டிய டிடெக்டர் அலங்காரம்தான். உறிஞ்சு விசிறி நின்றால் பென்டேன் பம்ப் தானாக நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும். கொட்டிய ஐசோவைக் கரைசலால் செயலிழக்கச் செய்து ட்ரம்மில் சேர்த்தால், மூடியை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே கரியமில வாயு உருவாகிக்கொண்டே இருக்கும், ட்ரம் வீங்கி வெடிக்கும்.

டபுள் பெல்ட்டின் வெப்பம் 60 முதல் 65 டிகிரி. மேல், கீழ் பெல்ட் இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு துல்லியமாக என்பதுதான் தெரியாது. ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. விரியும். இரண்டு ஷீட்டுக்கும் 10 டிகிரி வித்தியாசத்தோடு ஃபோம் இறுகிவிட்டால், பிறகு இரண்டும் ஒரே வெப்பத்துக்குக் குளிரும்போது சூடாக இருந்தது அதிகம் சுருங்கும். 10 மீட்டர் நீள, 50 மி.மீ. பேனலில் நடுவில் 30 மி.மீ. வளைவு வரும். ஐரோப்பியத் தரமான இஎன் 14509 அனுமதிப்பது மீட்டருக்கு 2 மி.மீ., அதிகபட்சம் 10 மி.மீ. ஆக மூன்று டிகிரி வித்தியாசமே எல்லையைத் தொட்டுவிடும். குழிந்த பக்கம் எதுவோ அந்த ஷீட்தான் அதிகச் சூடாக இருந்தது. எந்தப் பக்கம் ஹீட்டரைக் குறைப்பது என்பதை வளைவே சொல்லிவிடும்.

பெல்ட்டில் பேனலின் ஓரங்களை அடைத்துப் பிடிக்கும் சங்கிலிக் கட்டைகள் தேய்ந்தால் இடுக்கில் ஃபோம் கசியும், ஓரப் பட்டை மடங்கும், பேனல்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஆண் பெண் இணைப்பு, கட்டடம் கட்டும் இடத்தில் பொருந்தாது. கசிந்து ஒட்டிய ஃபோமை ஷிஃப்ட் முடிவில் சுரண்டாமல் விட்டால் மறுநாள் ஒவ்வொரு கட்டையின் தடமும் பேனல் ஓரத்தில் பதிந்திருக்கும்.

தொடங்கும்போது பழைய ஃபோம் துண்டு ஒன்றைத் தடுப்பாக உள்ளே அனுப்பி அதன் பின்னால் ஊற்றுகிறோம், கலவை முன்னால் ஓடிவிடாமல் இருக்க. முதல் பேனல்கள் கழிவுதான். அவற்றை உடனே வெட்டி உள்ளே பார்ப்பதில்தான் அதன் பயன். நிறுத்தும்போது முதலில் ஊற்றுவதை நிறுத்தி, பெல்ட் காலியாகும் வரை லைனை ஓட்ட வேண்டும்.

ரம்பம் நகர்ந்துகொண்டே வெட்டுகிறது. பேனல் இன்னும் சூடாக இருப்பதை நினைவில் வையுங்கள். 25 டிகிரி குளிர்ந்தால் 10 மீட்டருக்கு 3 மி.மீ. குறையும். நீளத்துக்குத் தரம் தரும் சலுகை, 3 மீட்டருக்கு மேல், கூடுதலோ குறைவோ 10 மி.மீ. என்பதால் இது தனியாகத் தொல்லை தராது. ரம்பத்தின் பிழையோடு சேர்ந்தால் தரும்.

குளிர்விப்பதில்தான் அவசரம் அதிகம் நடக்கிறது. நாம் செய்வதே வெப்பத்தைக் கடத்தாத பொருள். நடுப்பகுதி 100 டிகிரிக்கு மேல் இருக்கும்போது வெளி ஷீட் கைக்குக் குளிர்ந்துவிடும். சூட்டோடு அடுக்கினால் அடியில் உள்ளவை வீங்கும், பிறகு சுருங்கும். பெல்ட்டில் இருந்து வந்ததும் ஒரு தடிமன், அரை மணி கழித்து அதே இடத்தில் ஒரு தடிமன் அளந்து பாருங்கள். கூடியிருந்தால் ஃபோம் பெல்ட்டுக்குள் முழுதாக இறுகவில்லை: வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் வினையைக் கூட்டுங்கள்.

100 மி.மீ. தடிமனுக்கு மாறும்போது வேகத்தை 4 மீட்டராக்கினால் ஊற்றும் அளவு அதே 16 கிலோதான், பெல்ட்டில் இருக்கும் நேரம் 6 நிமிடம். ஆனால் அதே கெமிக்கலில் கிரீம் தொடங்கும் இடம் ஹெட்டில் இருந்து 33 செ.மீ.க்கு வந்துவிடும், கலவை பரவும் முன்பே எழ ஆரம்பிக்கும். கேட்டலிஸ்ட்டைக் குறைத்தே தீர வேண்டும்.

மறுநாள் குளிர்ந்த பேனலில் இருந்து 100க்கு 100 மி.மீ. துண்டு வெட்டி, ஓரத்தில் கத்தியை நுழைத்து ஷீட்டை உரித்துப் பாருங்கள். இழுவிசை இயந்திரத்தின் எண் வரட்டும், அதற்கு முன் கண் பார்க்கட்டும். ஷீட்டில் ஃபோம் கொத்தாக ஒட்டியிருந்தால் ஒட்டு நன்று, கிழிந்தது ஃபோம். பெயின்ட் துடைத்ததுபோல் சுத்தமாகப் பளபளத்தால் கொரோனாவையோ காயிலையோ பாருங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் ஷீட் சூடு போதவில்லை. மேல், கீழ் இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஓரத்தில் ஒன்று நடுவில் ஒன்று எனப் பாருங்கள். நடுத் துண்டை மட்டும் அனுப்பும் ஆய்வகத்தில் எல்லாப் பேனலும் தேறிவிடும்.