சுரப்பி இருப்பதும் அது பேசுவதும்

தவளை என்றதும் அதன் சத்தத்தையே நினைக்கிறோம். திசுவியல் ஆய்வகத்தில் தவளைத் தோலைச் சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் வேலைக்கு வந்த பிறகுதான், அவற்றின் இணைதேடலில் நம் காதுக்கு எட்டாத ஒரு பகுதியும் உண்டு என்பதை நான் பொருட்படுத்தத் தொடங்கினேன்.

ஃபார்மலினில் பதப்படுத்திய தோல் துண்டை ஆல்கஹாலில் நீர்நீக்கி, பாரஃபின் மெழுகில் பொதித்து, மைக்ரோடோமில் சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி ஸ்லைடில் ஏற்றுவது அன்றாட வேலை. சாதாரணத் தோலில் சளிச்சுரப்பிகளும், நச்சுப்பொருள் நிறைந்த குருணைச் சுரப்பிகளும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நிக்டிபட்ராக்கஸ் என்ற இரவுத் தவளைகளின் ஆணுக்கோ தொடையின் அடிப்புறத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒரு தடிப்பு இருக்கும். பருத்த சுரப்பிகள் அவ்விடத்தில் கூட்டமாகத் திரண்டிருக்கும். பெண்ணின் தொடையில் அத்தகைய தடிப்பு கிடையாது.

இதைப் பார்த்தவுடன் "இது பெண்ணைக் கவரும் ஃபெரோமோன் சுரப்பி" என்று எழுதிவிட எவருக்கும் கை துறுதுறுக்கும். ஃபெரோமோன் என்பது ஓர் உயிரி வெளியிட்டு, அதே இனத்தின் இன்னோர் உயிரியின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருள். ஆணிடம் மட்டும் இருப்பது ஒரு தடயம்தான். அது பேசுகிறது என்பதற்கு, சுரப்பிலுள்ள பொருளைப் பிரித்தெடுத்து, அதைமட்டும் வைத்தபோது பெண்ணின் நடத்தை மாறுவதைக் காட்ட வேண்டும். அந்த முழுத் தூரத்தையும் கடந்த ஆய்வுகள் மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

கடந்தவற்றில் எனக்குப் பிடித்தது, ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் வாழும் லிட்டோரியா ஸ்ப்ளெண்டிடா என்ற மரத்தவளை பற்றியது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டைலர், ஜான் போவி ஆகியோரின் குழு 1999இல் அதை வெளியிட்டது. தவளையைக் கொல்லாமல், தோல்மேல் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துச் சுரப்பை வரவழைத்து நீரால் கழுவி எடுக்கும் முறையை அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தனர். அப்படிக் கிடைத்தவற்றுள் 25 அமினோ அமிலங்களாலான ஒரு பெப்டைடு, இனப்பெருக்கக் காலத்து ஆணின் சுரப்பில் கூடியது. மிகச் சிறிதளவு நீரில் கலந்தபோதும் பெண் அதை நோக்கி வந்தது. அதற்கு ஸ்ப்ளெண்டிஃபெரின் என்று பெயரிட்டார்கள்.

நீரில் கரையும் பெப்டைடு மட்டும்தான் வழி என்பதும் இல்லை. மடகாஸ்கரின் மாண்டெல்லிட் தவளைகளின் தொடைச் சுரப்பிகளில், எளிதில் ஆவியாகும் மாக்ரோலைடுகள் என்ற வளைய வடிவக் கரிமச் சேர்மங்களை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்தனர். ஆவியாகும் பொருளைத் தேடுவோருக்கு எங்கள் பழைய ஆல்கஹால் ஜாடிகளால் ஒரு பயனும் இல்லை. வடிவத்தைக் காக்கும் பதம் வாசனையைக் காப்பதில்லை.

தினமும் பார்த்தும் நான் கவனிக்காதிருந்தது ஆணின் கட்டைவிரலில் உள்ள கலவித் திண்டு. பெண்ணின் மார்பை நழுவாமல் பற்றுவதற்கான சொரசொரப்பு என்றே பாடங்கள் சொல்லின. நாங்களும் மேற்பரப்பின் முட்களைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். முட்களுக்கு அடியில் சுரப்பிகள் வரிசையாக நிற்பது எப்போதும் எங்கள் கண்முன்தான் இருந்தது. ஐரோப்பியப் பொதுத்தவளையின் திண்டுச் சுரப்பிகள் இணைசேரும் பருவத்தில், வாலுள்ள நீர்நில வாழ்விகளான சாலமாண்டர்களின் ஃபெரோமோன்களுக்கு உறவான புரதங்களைச் சுரக்கின்றன என்று 2013இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினர். இறுகப் பற்றும்போது அப்புரதங்கள் பெண்ணின் தோலுக்குள் சேரக்கூடும் என்பது அவர்களின் கருத்து. பிடிப்பதற்கான உறுப்பாக மட்டும் எண்ணியிருந்ததை அதன் பின்னர் நான் அப்படிப் பார்க்கவில்லை.

பிரேசிலின் போவானா பிரசினா என்ற மரத்தவளை இந்தக் கணக்கையே கலைத்தது. அதன் ஆண், பெண் வாசனைகள் வேறுபடுகின்றன. அவ்வாசனையிலுள்ள மெத்தாக்சிபைரசின்களைத் தோலில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியா உண்டாக்குகிறது என்று 2019இல் தெரிந்தது. எவ்வளவு நேர்த்தியாகச் சீவினாலும் என் ஸ்லைடு இதைச் சொல்லியிருக்காது. எனவே களத்துக்குச் செல்லும் மாணவர்களிடம், புதிய கையுறையோடு மட்டுமே தவளையைத் தொடவும், ஃபார்மலினில் இடும் முன் தோலைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி உறைகுளிரில் வைக்கவும், சிட்டையில் இடத்தோடு மாதத்தையும் தவறாமல் குறிக்கவும் சொல்லி அனுப்புகிறேன்.