கண் சொட்டு மருந்தும் ஏ61எஃப் என்கிற அலமாரியும்

அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். இரவு 9 மணிக்கு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். கை நடுங்கும். முதல் சொட்டு புருவத்தில், இரண்டாவது கன்னத்தில், மூன்றாவது எப்படியோ உள்ளே போகும். ஒரு மாதம் வர வேண்டிய குப்பி 15 நாளில் தீர்ந்துவிடும். "மருந்து எனக்கா, தலையணை உறைக்கா?" என்பார்.

நான் கணக்கு எழுதுகிறவள். பொறியியலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒருவரிடம் முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தது. அவரை நச்சரித்து, குப்பியின் கழுத்தில் மாட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைச் செய்தேன். முதல் ஆறும் குப்பைக்குப் போயின. ஏழாவதில் சொட்டு நேராகக் கண்ணுக்குள் விழுந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. அச்சுப்பொறிக்காரர் உடனே, "இதுக்குப் பேடண்ட் வாங்குங்க" என்றார். பேடண்ட் என்றால் காப்புரிமை, கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்து விற்காமல் தடுக்கும் உரிமை. அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது என் நான்கு மாதத் தேடல்.

முதல் இரண்டு வாரம் ஆனந்தமாகப் போனது. காப்புரிமைகளைத் தேடும் தளமான கூகுள் பேடண்ட்ஸில் 'கண் சொட்டு மருந்து உதவி', 'சொட்டு வழிகாட்டி' என்று ஆங்கிலத்தில் விதவிதமாகப் போட்டுப் பார்த்தேன். என்னுடையதைப் போல ஒன்றும் வரவில்லை. உலகத்தில் யாருக்குமே தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது என்று நம்பிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கண்ணில் மருந்து விடத் தடுமாறிய முதல் ஆள் என் அம்மாதானா?

காப்புரிமை ஆவணங்களுக்கு உதவும் பிரிவு ஒன்று நூலகத்தில் இருப்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். அங்கே இருந்த அம்மையார் என் தேடல் வார்த்தைகளைப் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை எழுதினது ஒரு வக்கீலா இருந்தா, கண் சொட்டு மருந்துன்னா எழுதியிருப்பார்?"

எழுதியிருக்க மாட்டார். காப்புரிமை எழுதுகிறவர்கள் மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற ரகம். பொருளின் பெயரைக் குறுக்கிச் சொன்னால் உரிமையும் குறுகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அகலமாக எழுதுவார்கள். எனக்கு 'குப்பி', அவர்களுக்கு 'திரவம் வழங்கும் கலன்'. எனக்கு 'சொட்டு விடுவது', அவர்களுக்கு 'ஆப்தால்மிக் இன்ஸ்டிலேஷன்'. நான் தேடிய வார்த்தைகள் அவர்கள் எழுதிய பக்கங்களில் இல்லவே இல்லை. அதனால்தான் என் தேடல் அவ்வளவு காலியாகத் தெரிந்திருக்கிறது.

வார்த்தையை விட்டுவிட்டு வகைப்பாட்டு எண்ணைப் பிடி என்றார் அவர். ஒவ்வொரு காப்புரிமை விண்ணப்பத்துக்கும் அலுவலகம் ஒரு எண் ஒட்டுகிறது. நூலகத்தில் புத்தகத்துக்கு அலமாரி எண் ஒட்டுவது போலத்தான். எந்த மொழியில் எழுதியிருந்தாலும், எவ்வளவு சுற்றி வளைத்திருந்தாலும் எண் ஒன்றுதான். உலக அளவில் ஐபிசி என்ற வகைப்பாடு இருக்கிறது. அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் 2013 முதல் சேர்ந்து நடத்துவது சிபிசி. அதில் ஏ என்றால் மனிதத் தேவைகள். ஏ61 என்றால் மருத்துவம். ஏ61எஃப் 9 என்றால் கண் சம்பந்தப்பட்ட சாதனங்கள். அதற்குள்ளே இறங்கினால் 9/0026 என்று ஒரு அறை: மருந்துக் குப்பியைக் கண்ணுக்கு அருகில் சரியாகப் பொருத்த உதவும் இணைப்புகள்.

அதைப் படித்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. நான் யாருக்கும் தோன்றாதது என்று நினைத்ததற்கு ஏற்கெனவே தனி அறையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணை எஸ்பாஸ்நெட்டில் போட்டேன். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998 முதல் நடத்தும் இலவசத் தேடல் தளம் அது. 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. ஜப்பானிய, சீன ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கும் வசதியும் உண்டு. முதல் மாலை எழுத்தையே தொடவில்லை, படங்களை மட்டும் புரட்டினேன். இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். வக்கீல் எவ்வளவு மூடி எழுதினாலும் ஓவியர் வரைந்துதானே ஆக வேண்டும்? கிண்ணம் மாட்டிய குப்பி, கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய குப்பி, கீழிமையை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கொக்கி. பழைய ஆவணம் ஒன்றில், கையால் வரைந்த கோடுகளில், என் மூன்றாவது மாதிரி அப்படியே இருந்தது. குப்பைக்குப் போன மூன்றாவது. அதை வரைந்தவர் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் வீட்டிலும் யாருக்கோ கை நடுங்கியிருக்கும்.

அது காலாவதியான காப்புரிமை, அதனால் பிரச்சினை இல்லை என்று நூலக அம்மையாரிடம் சொன்னேன். பாதி சரி, பாதி தப்பு என்றார். காலாவதியானதை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். ஆனால் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று யாரும் உரிமை கேட்க முடியாது. செத்துப்போன காப்புரிமையும் சாட்சி சொல்ல வரும்.

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், நானும் ஒரு வாரம் குழம்பினேன். 'என்னுடையது புதிதா?' என்பது ஒரு கேள்வி. 'இதை விற்றால் யாராவது வழக்குப் போடுவார்களா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆவணம் முழுவதையும் பார்க்க வேண்டும்: விளக்கம், படம், எல்லாம். ஆவணம் மட்டுமில்லை, கடையில் விற்ற பொருள், ஆய்வேடு, யாரோ போட்ட காணொளி எல்லாமே கணக்கு. இரண்டாவது கேள்விக்கு, உயிரோடு இருக்கும் காப்புரிமைகளின் கடைசியில் எண் போட்டு வரும் க்ளெய்ம்களை, அதாவது எதற்கு உரிமை என்று சொல்லும் வாக்கியங்களைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் நாடு நாடாக.

க்ளெய்ம் படிப்பது எனக்கு வக்கீல்களைவிட எளிதாக வந்தது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். அது கணக்குப் பதிவேடு மாதிரி. ஒரே நீண்ட வாக்கியத்தை உடைத்தால் உறுப்புகள் தனித்தனியாகப் பிரியும்: கழுத்தில் பிடிக்கும் வளையம், கண்குழியில் பதியும் விளிம்பு, வழியும் மருந்துக்கு ஒரு துளை, இப்படி. நான் எக்செல்லைத் திறந்தேன். என் கிண்ணத்தின் உறுப்புகள் ஐந்தும் மேலே தலைப்பாக. இடப்பக்கம் வரிசை வரிசையாகப் பழைய ஆவணங்கள். எந்த ஆவணத்தில் எது இருக்கிறதோ அங்கே ஒரு டிக். ஒரே வரிசையில் ஐந்தும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, புதுமை கிடையாது.

38 ஆவணங்களைப் போட்டேன். நான்கு டிக் விழுந்தவை மூன்று. ஐந்தாவது தலைப்பின் கீழ் மட்டும் கடைசி வரை காலியாகவே நின்றது.

துள்ளிக் குதிப்பதற்குள் அடுத்த பாடம் வந்தது. ஒரே வரிசையில் விழாவிட்டாலும், இரண்டு வரிசைகளைச் சேர்த்தால் விழுமா, அப்படிச் சேர்ப்பது அந்தத் துறையில் இருப்பவருக்கு இயல்பாகத் தோன்றுமா என்று காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் பார்ப்பார். அவர் பார்க்கிற விதத்தை நாமும் பார்க்கலாம் என்பதுதான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய புதையல். பல விண்ணப்பங்களோடு தேடல் அறிக்கையும் வெளியாகிறது. அதில் பழைய ஆவணங்களுக்குப் பக்கத்தில் எக்ஸ், ஒய், ஏ என்று எழுத்துகள். எக்ஸ் என்றால் அந்த ஒன்றே போதும், தலைவலிதான். ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்த்தால் தலைவலி. ஏ என்றால் சும்மா பின்னணி. எனக்கு மிக நெருங்கிய மூன்று ஆவணங்களின் அறிக்கைகளையும் எடுத்து, அவை சுட்டியவற்றையும் பின்னால் வந்து அவற்றைச் சுட்டியவற்றையும் தொடர்ந்து போனேன். நூல் பிடித்துப் போவது போல. பயிற்சி பெற்ற ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த தேடல், எனக்கு இலவசம்.

அப்படியும் ஒரு இருட்டு மூலை உண்டு. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன மாதம் யாராவது இதையே தாக்கல் செய்திருந்தால் எந்தத் தளத்திலும் தெரியாது. அதற்கு மருந்தில்லை.

நடுவில் ஒரு நிறுவனத்திடமும் மாட்டப் பார்த்தேன். பெயர் வேண்டாம். இணையத்தில் என் யோசனையை இரண்டு வரி எழுதி அனுப்பியதற்கு மறுநாளே போன். "அபாரமான கண்டுபிடிப்பு மேடம், உங்களுக்கு உலகக் காப்புரிமையே வாங்கித் தர்றோம்." உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. பிசிடி என்ற ஒப்பந்தத்தின் வழியாக 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். அப்புறம் பொதுவாக 30 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டின் கதவையும் தனித்தனியாகத் தட்டி, தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதைக் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். என் பொருள் என்ன செய்யும் என்று ஒரு கேள்வியும் கேட்காமலே புகழ்ந்தவர் அவர். போனை வைத்துவிட்டேன்.

உண்மையான உதவி சத்தமில்லாத இடங்களில்தான் கிடைக்கிறது. ஐநாவின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ, பல நாடுகளில் டிஐஎஸ்சி என்ற உதவி மையங்களை அமைக்க ஆதரவு தருகிறது, தேடக் கற்றுத்தருவார்கள். வசதி குறைந்தவர்களுக்காக, பங்கேற்கும் நாடுகளில் கட்டணமில்லாமல் காப்புரிமை வழக்கறிஞரோடு சேர்த்துவிடும் திட்டமும் அவர்களிடம் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே நூலகங்களின் ஒரு வலையமைப்பு இருக்கிறது. பேடண்ட்ஸ்கோப் வைப்போவின் தளம். பிசிடி விண்ணப்பங்களை அங்கேயே படிக்கலாம். க்ளெய்ம் எழுதுவதை மட்டும் நானே செய்யப் போவதில்லை. முயன்று பார்த்தேன். நான்கு வரி எழுதி முடிக்கும்போது என் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுப் புனலும் அதற்குள் வந்துவிட்டது.

அந்த ஐந்தாவது உறுப்பு என்ன என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன், படமும் போட மாட்டேன். தாக்கல் செய்வதற்கு முன் பொதுவெளியில் சொன்னால் பல நாடுகளில் புதுமை போய்விடும். அமெரிக்கா போன்ற சில இடங்களில் 12 மாதம் சலுகைக் காலம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக அந்த இரக்கம் கிடையாது. இங்கே சொன்னால் இந்தப் பதிவே எனக்கு எதிரான ஆதாரமாகிவிடும். ஏற்கெனவே ஏழாவது மாதிரி வேலை செய்த சந்தோஷத்தில் உறவினர் குழுவில் 20 விநாடி காணொளி ஒன்றைப் போட்டுத் தொலைத்தேன். அழித்துவிட்டேன், ஆனால் சித்தப்பா அதை எங்கெங்கே அனுப்பினாரோ. வழக்கறிஞரிடம் கேட்க வைத்திருக்கும் கேள்விகளில் அதுதான் முதலாவது.

நேற்று இரவு 9 மணிக்கு அம்மா கிண்ணத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டே கேட்டார், "இந்த மாதிரி வேற எங்கயாவது இருக்காடி?"

"இதுவரைக்கும் என் கண்ணில படலைம்மா."

"எனக்குப் படுது" என்று சொல்லிக் குப்பியை மூடி வைத்தார்.