தலைமையாசிரியர் தனக்காக எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு பக்கம்

பள்ளியின் தொலைநோக்கு என்ன என்று கேட்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் நுழைவாயில் பலகையைக் கைகாட்டுவார்கள். 'தரமான கல்வி, நல்லொழுக்கம், முழுமையான வளர்ச்சி' என்று எழுதியிருக்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பலகை இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே பேச வந்தது வேறு. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் கைப்பட எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பக்கம். பள்ளியின் தொலைநோக்கை எல்லோரும் கூடித்தான் எழுத வேண்டும். இதைத் தனியாகத்தான் எழுத முடியும். இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எதற்காக மல்லுக்கட்டப் போகிறேன், எதை விட்டுக்கொடுப்பேன், எதில் இம்மியும் அசைய மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பக்கம் அது. அது தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: அதை எழுதியதால் அடுத்த வாரம் உங்கள் நேரம் செலவாகும் விதத்தில் ஏதாவது மாறுகிறதா? மாறவில்லை என்றால் அதுவும் இன்னொரு பலகைதான்.

முதலில் நாட்குறிப்பு

வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு 'என் கனவுப் பள்ளி' என்று தொடங்கினால் வருவதெல்லாம் எங்கோ கேட்ட வாக்கியங்களாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இரண்டு வாரம் உங்கள் வேலை நேரத்தைக் கால்மணிக் கட்டங்களாகப் பிரித்துக் குறித்து வையுங்கள். ஆறு தலைப்பு போதும்: வகுப்பறை, ஆசிரியரோடு கற்பித்தல் பற்றிய பேச்சு, பெற்றோர், மாணவர் ஒழுங்கு, கோப்பும் படிவமும், திடீர்ச் சிக்கல். அன்றன்றே குறிக்க வேண்டும். வாரக்கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் வகுப்பறைக்கான நேரம் தானாகவே கூடிவிடும். நம் மனசு நமக்குச் சாதகமாகத்தான் கணக்கு எழுதும்.

அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் சுமார் 100 பள்ளி முதல்வர்களை ஆய்வாளர்கள் நேரில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. கற்பித்தல் தொடர்பான வேலைக்குப் போன நேரம் சராசரியாக 12.7 சதவீதம். வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் சுமார் ஐந்து மணி நேரம். உங்கள் நாட்குறிப்பு இதைவிட மோசமாக இருந்தாலும் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். இப்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்கே போகிறோம் என்று எழுத முடியாது, அவ்வளவுதான்.

எதிர்ப்பதற்கு ஆள் இருக்கிறதா?

அடுத்தது நம்பிக்கைகள். ஐந்திலிருந்து ஏழு வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: நியாயமான, அனுபவமுள்ள ஒரு கல்வியாளர் இதை மறுத்துப் பேச இடம் இருக்கிறதா? 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது' என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? யாரும் மறுக்காத வாக்கியம் எந்த முடிவுக்கும் உதவாது. அடித்துவிடுங்கள்.

'வாசிப்பில் பின்தங்கிய பிரிவுக்குத்தான் பள்ளியின் மிகத் தேர்ந்த ஆசிரியர் போக வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே சண்டை வரும். மூத்த ஆசிரியர்கள் பொதுத்தேர்வு வகுப்பையோ 'நல்ல' பிரிவையோ கேட்பார்கள். அதை அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைப்பார்கள். பணியில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் யாருக்கும் வேண்டாத வகுப்பு விழும். கால அட்டவணை போடும் அந்த ஒரு வாரத்தில் தலைமையாசிரியர் எடுக்கிற முடிவு, ஆண்டு முழுக்க அவர் ஆற்றும் உரைகளைவிட அதிகம் பேசும். எந்த வாக்கியம் இப்படிக் கால அட்டவணையிலோ, பணத்திலோ, பணி ஒதுக்கீட்டிலோ கை வைக்கிறதோ அதுதான் உங்கள் நம்பிக்கை. மற்றதெல்லாம் நல்லெண்ணம்.

இன்னும் சில உதாரணங்கள். 'வகுப்பை விட்டு வெளியே நிறுத்துவது தண்டனையாகவே இருக்கக் கூடாது.' 'ஆசிரியர் கூட்டத்தில் அறிவிப்புகளுக்கு இடமில்லை. அவை எழுத்தில் போகட்டும், கூட்டம் பாடம் பற்றிப் பேசுவதற்கு.' 'தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வாசிப்பு மட்டும்.' இவற்றோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்பதில்லை. உடன்படாமல் இருக்க முடிகிறது என்பதுதான் இவற்றின் பயன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பள்ளி எப்படி இருக்கும் என்று பொதுவாக எழுதாதீர்கள். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி, ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருக்கும் மாணவி என்ன செய்துகொண்டிருக்கிறாள்? எழுதுகிறாளா, பக்கத்தில் இருப்பவளுக்குக் கணக்கை விளக்குகிறாளா, கரும்பலகையைப் பார்த்து நகலெடுக்கிறாளா? அவள் நோட்டில் என்ன இருக்கிறது? அவள் தப்பாகப் பதில் சொன்னால் அடுத்த பத்து விநாடியில் என்ன நடக்கிறது? அரைப் பக்கம் எழுதுங்கள். வாக்கியத்தின் எழுவாய் மாணவராகவோ ஆசிரியராகவோ இருக்கட்டும். 'பள்ளி வழங்கும்', 'சூழல் உருவாக்கப்படும்' என்று எழுதத் தொடங்கினால் ஆள் காணாமல் போய்விட்டார் என்று அர்த்தம்.

இதை எழுதிய கையோடு இன்றைய செவ்வாய்க்கிழமையைப் போய்ப் பாருங்கள். மூன்று வேலைகள். ஒன்று, ஒரு மாணவரின் முழு நாளையும் அவரோடு இருந்து கழிப்பது. எல்லாப் பாடவேளையும், இடைவேளையும் சேர்த்து. எத்தனை முறை அவர் வாய் திறந்தார் என்று எண்ணுங்கள். இரண்டு, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் மூன்று நோட்டுகள்: முன்னணியில் இருப்பவர், நடுவில் இருப்பவர், தடுமாறுபவர். கடந்த ஆறு வாரப் பக்கங்களைப் புரட்டுங்கள். மூன்றிலும் ஒரே சிவப்பு டிக், ஒரே கையெழுத்து இருக்கிறது, தப்பான கணக்குக்கும் டிக் விழுந்திருக்கிறது என்றால் திருத்தம் நடக்கவில்லை, கையெழுத்துதான் நடக்கிறது. மூன்று, வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மனசுக்குள் எண்ணுவது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது அந்த இடைவெளி ஒரு விநாடி அளவுதான் இருந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்போர் எண்ணிக்கை குறைந்தது. செலவே இல்லாத மாற்றம். ஆனாலும் யாராவது அருகில் உட்கார்ந்து எண்ணிச் சொல்லாதவரை எந்த ஆசிரியருக்கும் தன் ஒரு விநாடி தெரியாது.

புதிதாகப் பொறுப்பேற்றவர் இதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். பணியாளர்கள் எல்லோரையும் தனித்தனியே 20 நிமிடம் சந்திப்பது. அலுவலக எழுத்தர், துப்புரவுப் பணியாளர், காவலர் உட்பட. கேள்வி மூன்றே. இங்கே எதை மாற்றவே கூடாது? உங்கள் வேலைக்கு எது இடைஞ்சல்? என் இடத்தில் இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? குறித்துக்கொள்ளுங்கள், பதில் சொல்லி வாதாடாதீர்கள். எந்தக் கழிப்பறைக்குப் போகப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்பது பெரும்பாலும் துப்புரவுப் பணியாளருக்குத்தான் முதலில் தெரியும்.

பக்கத்தை எழுதுவது

இப்போதுதான் எழுத உட்கார வேண்டும். மேலே, மிஞ்சிய நம்பிக்கைகளில் மூன்று. நான்காவது வேண்டும் என்று தோன்றும், வேண்டாம். நடுவில் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சுருக்கி ஐந்தாறு வரி. கீழே ஒவ்வொரு நம்பிக்கைக்கும் இரண்டு வரி: இதற்காக நான் வாரந்தோறும் செய்வது, இதற்காக நான் நிறுத்துவது. இந்த 'நிறுத்துவது' வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். நாளுக்கு இருக்கும் மணி நேரம் கூடப் போவதில்லை. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயே ஆக வேண்டும். காலைக் கூட்டத்தில் தினமும் பேசுவதா, எல்லாப் பெற்றோர் அழைப்பையும் தானே எடுப்பதா, யாரும் திரும்பப் படிக்காத பதிவேட்டுக்கு வாரந்தோறும் கையெழுத்திடுவதா? விதிப்படி கட்டாயமானவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தால், வெறும் பழக்கத்தால் ஓடிக்கொண்டிருப்பவை எத்தனை என்று தெரியும்.

எதைச் செய்வது என்பதற்கு ஆய்வுகள் ஓரளவு வழிகாட்டுகின்றன. விவியன் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு தலைமைச் செயல்களை ஐந்து வகையாகப் பிரித்து, மாணவர் கற்றலில் அவற்றின் விளைவை எண்ணாக்கி ஒப்பிட்டது; எண் பெரிதாக இருந்தால் விளைவும் பெரிது. ஆசிரியர்களின் தொழில்சார் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் பங்கெடுப்பது 0.84 என்று முதலிடத்தில் நின்றது. இலக்குகளை வகுப்பது 0.42. பாதுகாப்பான, ஒழுங்கான சூழல் 0.27. அந்த 0.84-க்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளின் எண்ணிக்கை குறைவுதான். ஒழுங்கு முக்கியமில்லை என்றும் இதற்குப் பொருள் இல்லை, அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது: ஆசிரியர் கற்கும் இடத்தில் தலைமையாசிரியரும் மாணவராக உட்கார வேண்டும். பயிற்சியைத் தொடங்கி வைத்துவிட்டு வெளியே போகிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

வகுப்பறைக்குப் போவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்சொன்ன மயாமி-டேட் ஆய்வில், எட்டிப் பார்த்துவிட்டு நகரும் ரவுண்ட்ஸுக்கு அதிக நேரம் கொடுத்த பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் கூடவில்லை. தொடர்பு எதிர்த் திசையில்தான் இருந்தது. ஆசிரியருடன் உட்கார்ந்து வழிகாட்டும் நேரத்துக்குத்தான் நல்ல தொடர்பு இருந்தது. ஆகவே வாரத்துக்கு நான்கு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் பார்ப்பது, அன்றே அல்லது மறுநாள் 20 நிமிடம் பேசுவது என்று வையுங்கள். மொத்தம் 160 நிமிடம். 24 ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். பேச்சில் ஒரே ஒரு விஷயம், அதுவும் ஆதாரத்தோடு: 'பன்னிரண்டு கேள்வி கேட்டீர்கள், ஒன்பதுக்கு முன்வரிசைதான் பதில் சொன்னது.' இந்த நேரத்தில் அழைப்புகளை யார் எடுப்பது, அதிகாரி வந்தால் யார் வரவேற்பது என்று அலுவலகத்தில் பேசி வைக்காவிட்டால் இரண்டாவது வாரமே திட்டம் கவிழும்.

எங்கே சறுக்குகிறது

அதிகம் பார்க்கிற சறுக்கல், தேர்ச்சி சதவீதத்தையே தொலைநோக்காக்குவது. 'நூறு சதவீதம்' என்று எழுதிவிட்டால் அதை எட்டுவதற்குச் சுலபமான வழி, தேறாத பிள்ளையைப் பரீட்சைக்கு உட்காரவிடாமல் செய்வது. முந்தைய வகுப்பிலேயே நிறுத்துவார்கள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எண் அப்படி நடக்கவைக்கிறது. எண் வேண்டும் என்றால் வெளியே தள்ளி உயர்த்த முடியாத எண்ணாகப் பாருங்கள்: மூன்றாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரில் எத்தனை பேர் ஆண்டு முடிவில் தங்கள் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள்? இடையில் வெளியேறியவரும் அந்தக் கணக்கில் இருக்கட்டும்.

அடுத்தது, எழுதிய பக்கத்தை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்து அறிவிப்பது. எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் தீர்ந்தது கதை. மாறாக, முதலில் உங்களிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசக்கூடிய இருவரிடம் கொடுங்கள். பிறகு கூட்டத்தில் ஒரே ஒரு நம்பிக்கையை மட்டும் வைத்து, 'இது உண்மை என்றால் நம் பள்ளியில் எது மாற வேண்டும்?' என்று கேட்டு, நான்கு நான்கு பேராகப் பேச விடுங்கள். அவர்கள் கொண்டுவரும் வழி உங்கள் வழியாக இல்லாமல் இருக்கலாம். வழியில் விட்டுக்கொடுக்கலாம், நம்பிக்கையில் கூடாது. இந்த எல்லை எங்கே என்று தெரிவதற்காகத்தான் பக்கத்தையே எழுதினோம்.

மேலிடத்திலிருந்து புதிய திட்டம் வரும்போதெல்லாம் பக்கத்தைத் திருத்துகிறவர்களும் உண்டு. திட்டத்தைத் தவிர்க்க முடியாது. மூன்று நம்பிக்கைகளில் எதற்கு இது கைகொடுக்கும் என்று பார்த்து அங்கே கோத்துவிடுங்கள். எதற்குமே பொருந்தவில்லை என்றால் கேட்ட அளவுக்குச் செய்து முடித்துவிட்டு நகருங்கள். எல்லாவற்றிலும் முதலிடம் வர வேண்டியதில்லை.

பருவத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் மட்டும், மறுபடி கால்மணிக் கட்டங்களைக் குறித்துப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். தலைமையாசிரியர் கையில் விருப்பப்படி செலவிடும் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கடைசி பத்துச் செலவுகளைப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். வாசிப்புதான் உயிர் என்று எழுதியவர் நூலகத்துக்கு ஒன்றும் வாங்காமல் வரவேற்பறைக்கு நாற்காலி வாங்கியிருப்பார்.

இன்னும் பொறுப்புக்கு வராதவர்களுக்கு: தலைமைப் பதவிக்கான நேர்காணலில் 'உங்கள் தொலைநோக்கு என்ன?' என்ற கேள்வி அநேகமாக வரும். மூன்று நம்பிக்கையையும் ஒப்பிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்து, அது வகுப்பறையில் எப்படித் தெரியும் என்று ஒரு காட்சி, முதல் மூன்று மாதத்தில் அதற்காகச் செய்வது ஒன்று, அதுவரை தொடாமல் விட்டுவைப்பது ஒன்று. இரண்டு நிமிடத்தில் முடியும். கடைசியாகச் சொன்ன 'தொடாமல் விட்டுவைப்பது' எது, ஏன் என்றுதான் குழு திருப்பிக் கேட்கும்; அதற்கான பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.